ரோசாப்பூவுக்கு நடுவில் ஒரு பனிச்சரிவு

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு டிவிடி இருக்கிறது. உறையின் நான்கு மூலையிலும் ரோசாப்பூ. நடுவில், இருதய வடிவத்துக்குள், பனியில் ஒரு பக்கமாக விழுந்து கிடக்கிற ஒரு நடுத்தர வயது மனிதர். ஒரு கால் வானத்தைப் பார்க்கிறது. அது நான்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் கலியாண வீட்டு டிவிடிகளைக் கிளறும்போது இதையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆற்றை கலியாணம்?" என்று கேட்பார்கள். முன்பென்றால் நான் மெல்லக் குசினிக்குள் போய்விடுவேன். இப்போது அங்கேயே இருந்து பதில் சொல்லக்கூடியதாக இருக்கிறது.

அப்போது நாங்கள் ஒஸ்லோ நகரத்தின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருந்தோம். நான் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிகளிலும் ஹோட்டல்களிலும் இருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, அழுத்தி, மடித்து அனுப்புகிற இடம். வெளியே எவ்வளவு குளிர் என்றாலும் உள்ளே நாங்கள் அரைக்கைச் சட்டையோடுதான் நிற்போம். யன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். பனி கொட்டுகிறதா நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியாது. அந்தச் சூடான துணி மணம் இப்போதும் ஏதாவது ஹோட்டலின் பின்வாசலைக் கடக்கும்போது வந்தால் நான் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

அங்கே மெசின் திருத்துகிற ஒரு நோர்வேஜியர் இருந்தார். வடக்கே ஹம்மர்பெஸ்ட் பக்கத்து ஆள். என்னைவிட மூத்தவர். அதிகம் கதைக்கமாட்டார். நானும் அப்படித்தான். இடைவேளையில் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து, அவர் தன் பாணையும் நான் என் பாணையும் சாப்பிட்டு முடித்து, "சரி" என்று சொல்லி எழும்புவோம். சில நாட்களில் அந்த ஒரு சொல்தான் எங்களுக்குள் நடந்த முழுக் கதையும். எனக்கு அது போதுமாக இருந்தது. அவருக்கும் போதுமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் மேசை மாறவேயில்லை.

ஒவ்வொரு வருசமும் குளிர் முடிகிற நேரத்தில் தொழிற்சாலை ஆட்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை மலைச்சரிவு ஒன்றுக்குப் போவோம். மற்றவர்கள் காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் சறுக்குவார்கள். அடிவாரத்தில் நெருப்பு மூட்டி, பொல்ஸ என்கிற நோர்வே சொசேஜைச் சுட்டு எல்லோரும் சாப்பிடுவோம். முதல் வருசமே அந்த நெருப்பை நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் கலியாண வீட்டிலும் நான் மண்டபத்துக் குசினியில், சோறு வேகிற கிடாரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறவன். நெருப்போடு நிற்கிறவனை யாரும் படம் எடுக்க வருவதில்லை; ஆட வா, பாட வா என்று கையைப் பிடித்து இழுப்பதுமில்லை.

அந்த நெருப்படியில் நின்றபடிதான் மெசின் திருத்துகிறவர் இறங்கி வருவதை முதலில் பார்த்தேன். மற்றவர்கள் பலகையோடு பூட்டிய காலோடு வேகமாக வந்து, பனியை வாரி இறைத்துக்கொண்டு நிற்பார்கள். இவர் வேறு மாதிரி வந்தார். ஒரு காலை முன்னுக்குத் தள்ளி, மற்றக் காலைப் பின்னுக்கு விட்டு, முழங்காலை மடித்துப் பணிந்து ஒரு திருப்பம். பிறகு எழும்பி, கால் மாறி, மற்றப் பக்கம் பணிந்து இன்னொரு திருப்பம். சத்தமே இல்லை. மலை முழுக்க ஒவ்வொருவருக்காகக் கும்பிடு போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அதற்குப் பெயர் தெலமார்க் என்று அவர் சொன்னார். பாதத்தின் முன்பக்கம் மட்டும்தான் பலகையில் பூட்டியிருக்கும், குதிக்கால் சும்மா விட்டிருக்கும், அதனால்தான் அப்படிப் பணிய முடிகிறது என்று தன் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். அன்று நான் பொல்ஸ எரியாமல் பார்த்துக்கொண்டேன் என்றாலும் மனம் முழுக்க அந்தக் குதிக்காலில்தான் இருந்தது.

சில வருசங்கள் இப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாரியில், முதல் பனி விழுந்த கையோடு, அவர் பழைய தெலமார்க் பலகை ஒரு சோடியையும் தோல் சப்பாத்தையும் கொண்டுவந்து என் உடுப்பு மாற்றுகிற பெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

"வாற கோடையோடை எனக்குப் பென்சன். வடக்குக்குத் திரும்பிப் போறன்" என்றார். அவர் பேசிய நோர்வேஜியத்தை என் தமிழில்தான் எழுதுகிறேன். "எத்தினை வருசமா நீ கீழை நிண்டு பாக்கிறாய். போகமுதல் ஒருக்கா என்னோடை மேலையிருந்து வா."

அவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்த மாரி முழுக்க எனக்கு நிம்மதியில்லை.

எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஒரு சின்ன மேடு இருந்தது. ஞாயிறு காலையில், பிள்ளைகள் வரமுதல், அங்கே போவேன். சப்பாத்து எனக்குப் பெரிது. இரண்டு காலுறை போட்டால் நின்றது. நேராக இறங்குவது கெதியில் பிடிபட்டது. திரும்பத்தான் முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் விழுந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாழ்க்கையில் பழகின எல்லா வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழகினேன். மா அரைக்கிற மெசினும் அப்படித்தான், இந்த விரிப்பு மடிக்கிற மெசினும் அப்படித்தான். அவர் இறங்குவதையும் அத்தனை வருசம் பார்த்தவன். ஆனால் விழுகிறது நான். என்னை நான் எப்படிப் பார்ப்பது?

இதை இடைவேளையில் எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் பாணைக் கடித்தபடி யோசித்தார்.

"படம் எடுத்துப் பார். இப்ப பெடியள் எல்லாரும் அப்பிடித்தான் பழகுறாங்கள். எனக்குச் செய்யத்தான் தெரியும், சொல்லத் தெரியாது."

படம்! கலியாண வீட்டில் கமரா வருகிற பக்கம் பார்த்து மறுபக்கத்தால் போகிற ஆள் நான். இரண்டு கிழமை அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில், எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கெல்லாம் வீடியோ எடுக்கிற தம்பியிடம் போனேன். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுவார். சனி ஞாயிறில் வீடியோ. ஒஸ்லோவில் எங்கள் பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையானால் செய்கிற சாமத்திய வீடும் கலியாணமும் அவருடைய கமராவுக்குள்ளால்தான் நடந்தன என்று சொல்லலாம்.

"தம்பி, கமராவை ஒருக்கா இரவல் தருவீரோ?"

"ஆரை எடுக்க?"

"என்னைத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை, உங்கடை முகத்தையே என்ரை கமராவுக்குத் தெரியாது. எத்தினை கலியாணம் எடுத்தன், உங்கடை முதுகு மட்டும்தான் கிடக்கு. அதுவும் கிடாரத்தோடை." விசயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கமராவைத் தரவுமில்லை. "அது பனியிலை விழுந்தால் என்ரை சீவியம் போச்சு. நானே வாறன். இந்த ஞாயிறு எனக்குக் கலியாணம் இல்லை."

அந்த ஞாயிறு அவர் கமராவோடும் அதன் மேலே பூட்டுகிற லைட்டோடும் வந்து இறங்கினார். பட்டப்பகல் பனி வெளிச்சத்தில் அந்த லைட் எதற்கு என்று தெரியவில்லை. என் மனைவியும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்திருந்தாள். பார்க்காமல் விடமாட்டேன் என்று ஒரே பிடி.

"அண்ணை, கமராவைப் பாக்காதேங்கோ. ஆனால் கொஞ்சம் சிரிச்ச முகமா வாங்கோ!"

"நான் என்ன மாப்பிள்ளையே?"

"மாப்பிள்ளையள் இதைவிடப் பயந்துகொண்டு வாறதை எடுத்திருக்கிறன். வாங்கோ, வாங்கோ!"

வந்தேன். விழுந்தேன். "இன்னொருக்கா!" என்றார். திரும்ப ஏறினேன். திரும்ப விழுந்தேன். "இது வடிவு, இன்னொருக்கா!" என்றார். மனைவி சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைப் பனியில் ஊற்றிவிட்டாள். பிள்ளைகள் வரத் தொடங்கியதும் நான் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

எடுத்ததை அப்படியே தாரும் என்றுதான் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வெறுமையாக் குடுக்க ஏலாது அண்ணை. என்ரை கையாலை போற சாமானுக்கு ஒரு மரியாதை கிடக்கு." அடுத்த கிழமை டிவிடி வந்தது. ரோசாப்பூ உறையோடு.

ரீவியில் போட்டோம். முதலில் குத்துவிளக்கு எரிந்தது. நாதஸ்வரம் தொடங்கியது. வானத்திலிருந்து பூ விழ, பூவுக்குள்ளிருந்து எல்லிங்ஸ்ருட்டின் அடுக்குமாடிகள் வந்தன. பிறகு நான். தம்பி என் காலைப் படம் எடுக்கவேயில்லை. கலியாணத்தில் முகம்தான் எடுக்கவேண்டும், பெண்ணின் முகம், மாப்பிள்ளையின் முகம், அழுகிற தாயின் முகம். அதே பழக்கத்தில் என் முகத்தையே ரீவி நிறைய எடுத்து வைத்திருந்தார். திருப்பம் வருகிற இடத்தில், மணப்பெண் மண்டபத்துக்குள் நுழையும்போது செய்கிற மாதிரி, படத்தை மெதுவாக ஓடவிட்டிருந்தார். நான் மெதுவாக, மிக மெதுவாகச் சரிந்தேன். பனியில் படுகிற அந்த நேரத்தில் கெட்டிமேளம் அடித்தது.

சிரித்துச் சிரித்து மனைவிக்கு மூச்சு வாங்கியது. எனக்கு ரீவியை நிறுத்திவிட்டு எங்காவது போய்ப் படுக்கவேண்டும் போலிருந்தது. முழங்காலைப் பார்க்க ஆசைப்பட்டவனுக்கு இவ்வளவு பெரிய மூக்கு. ரிமோட்டை எடுத்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. "திருப்பிப் போடுங்கோ."

திருப்பிப் போட்டேன்.

"இதிலை நிப்பாட்டுங்கோ. பாருங்கோ, விழமுதல் உங்கடை கண் கீழை போகுது. இன்னும் கால் திரும்பவேயில்லை, அதுக்குள்ளை கண் போயிட்டுது. மற்றதையும் போடுங்கோ."

மற்றதிலும் அப்படித்தான். எல்லாத் திருப்பத்திலும் அப்படித்தான். முதலில் கண் பலகை நுனிக்குப் போனது, பிறகு நாடி, பிறகு தோள், பிறகு ஆள் முழுக்க. பூமழைக்கு நடுவில் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"ஆக்களைக் கண்டாலும் இப்பிடித்தான் குனியிறியள்" என்றாள் மனைவி. குற்றமாகச் சொல்லவில்லை. இது உப்புக் கூடிப்போச்சு என்கிற மாதிரிச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவள் தன் சிவப்பு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மேட்டின் அடியில் போய் நின்றாள். "என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வாங்கோ. கீழை பாத்தால் தேத்தண்ணி இல்லை."

கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவளுடைய முகத்தை அவ்வளவு நேரம் விடாமல் பார்த்தது அன்றுதான். குளிரில் மூக்கு சிவந்து, பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி வழியில் எனக்கு வெட்கம் வந்துவிட்டது. கண்ணைத் தாழ்த்தினேன். விழுந்தேன். அவள் மூடியைத் திறந்து தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள். அடுத்த தடவை கண்ணை எடுக்கவில்லை. பலகை என்னைக் கேட்காமலே ஒரு பக்கம் திரும்பியது. நான் விழாமல் நின்றதை நம்பமுடியாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த ஒரு தேத்தண்ணியின் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

ஒரு பக்கம் திரும்பியது. மற்றப் பக்கம் வரவில்லை. திரும்ப வீடியோத் தம்பியைக் கூப்பிட்டேன். இந்த முறை எனக்கும் கொஞ்சம் துணிவு வந்திருந்தது. "தம்பி, முகம் வேண்டாம். கால்தான் வேணும்."

"காலிலை என்ன அண்ணை கிடக்கு?" என்று முகத்தைச் சுளித்தார்.

என்ன சொல்லி விளங்கப்படுத்துவது என்று யோசித்தேன். "அம்மி மிதிக்கிறதை எடுப்பீரல்லோ, மாப்பிள்ளை பெண்ணின்ரை காலைத் தூக்கி அம்மியிலை வைக்கேக்கை. அந்த மாதிரி எடும்."

அவர் முகம் மாறிவிட்டது. "அதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று பனியில் அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். அம்மி மிதிப்பதை எடுக்க அவர் மண்டபத்து நிலத்தில் அப்படிப் படுப்பதை எத்தனையோ தரம் குசினி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் படம்தான் எனக்கு எல்லாவற்றையும் காட்டியது. முன்கால் மட்டும்தான் வேலை செய்தது. பின்கால், கடைக்குப் போக விருப்பமில்லாத பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துப்போவது மாதிரி, சும்மா இழுபட்டு வந்தது. அதிலும் பாரத்தை வைக்கவேண்டும் என்று கண்ணால் கண்ட பிறகுதான் உடம்புக்கு விளங்கியது. மாசி மாதம் முழுக்க அந்த மேட்டில் ஏறி இறங்கினேன். எடுத்து, பார்த்து, திரும்ப எடுத்து. தம்பி ஒவ்வொரு முறையும் பூப் போடத் தவறவில்லை.

இரண்டு பக்கமும் திரும்ப வந்த அந்தக் கிழமையில்தான் வேலையிடத்தில் என் மேசைக்கு எதிர்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் தன் வீட்டு வாசல் ஐசில் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டார் என்று சொன்னார்கள். சனிக்கிழமைப் பயணத்துக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

எங்கள் வழக்கப்படி தோடம்பழமும், மனைவி சுட்ட வடையும் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றவனைக் கண்டு அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். வீட்டில் பாதிச் சாமான் ஏற்கனவே பெட்டிகளுக்குள் போயிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைத் துழாவினேன். டிவிடி வந்தது. அதைக் காட்டத்தான் கொண்டுபோனேனா, தோடம்பழத்தோடு தவறி வந்ததா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

குத்துவிளக்கில் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்தார். சிரிக்கவில்லை. இடையில் வடை ஒன்றைக் கடித்தார்.

"விழேக்கை ஏன் மேளம் அடிக்குது?"

தெரிந்த நோர்வேஜியத்தில் சொன்னேன். கலியாணத்தில் தாலி கட்டுகிற நேரம் யாரும் சொல்லுகிற கெட்ட சொல் காதில் விழக்கூடாது. அதற்காகத்தான் அப்படி உரக்க அடிப்பது.

அவர் யோசித்தார். "அப்ப சரியான இடத்திலைதான் போட்டிருக்கிறான். விழேக்கை நானும் நல்ல சொல்லுச் சொல்லுறேல்லை." அதன் பிறகுதான் சிரித்தார். கதிரையில் கிடந்த கால் குலுங்க, நோகிறது நோகிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு முடிந்ததும் அவர் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இந்த வருசம் நான் ஏறமாட்டன்" என்றார்.

"அப்ப நானும் கீழைதான். நெருப்போடை நிக்கிறன்." உண்மையைச் சொன்னால் ஒரு பக்கம் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"இல்லை" என்றார். "நெருப்படி இந்த வருசம் என்ரை இடம். நீ மேலை போ."

சனிக்கிழமை நல்ல வெயில். வீடியோத் தம்பிக்கு அன்று எங்கோ கலியாணம். மனைவிக்கு வேலை. ஆட்களைச் சரிவில் மேலே இழுத்துப்போகிற இழுவையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனேன். அத்தனை வருசமும் கீழே நின்று பார்த்த அந்த மலையின் உச்சியில் அன்றுதான் முதல்முதல் நின்றேன். கூட வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். கீழே சிவப்பு ஜக்கெற் எதுவும் இல்லை. தேடினேன். மெல்லிய புகை ஒன்று நேராக எழும்பியது. அதற்குப் பக்கத்தில், ஒரு கதிரையில், அவருடைய நீலத் தொப்பி. அதையே பார்த்துக்கொண்டு பலகையைச் சரிவில் விட்டேன்.

முதல் திருப்பம் வந்தது. எழும்பி, கால் மாறி, மற்றப் பக்கம் பணிந்தேன். பின்காலில் பாரம் இருந்தது. குதிக்கால் தூக்கி, முழங்கால் பலகைக்குக் கிட்டப் போவது தெரிந்தது. நடுவில் ஒரு இடத்தில் ஐஸ். அங்கே விழுந்தேன். மேளம் அடிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே நன்றாகக் கேட்டது. எழும்பினேன். தொப்பி அதே இடத்தில் நின்றது. ஆனால் இப்போது அது உயர்ந்திருந்தது. அவர் கதிரையை விட்டு எழும்பி நின்றிருந்தார். அதைப் பார்த்தபடியே மிச்சத் தூரமும் வந்தேன். ஒரு பக்கம், மறு பக்கம், ஒரு பக்கம், மறு பக்கம். புகை வரவர கறுத்துக்கொண்டு போனதைக் கண்டேன், ஆனால் ஏனென்று யோசிக்கவில்லை.

நெருப்படிக்கு வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. அவர் ஒரு கையால் ஊன்றுகோலையும் மறு கையால் இடுக்கியையும் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தட்டில் பொல்ஸ முழுக்கக் கரியாகிக் கிடந்தது. பசியோடு வந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"இத்தினை வருசத்திலை ஒருநாளும் பொல்ஸ எரிஞ்சதில்லை! ஆரை நெருப்படியிலை விட்டது?"

அவர் இடுக்கியால் என்னைக் காட்டினார். "இவனாலைதான்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் குனியவில்லை என்று சொல்லமாட்டேன். குனிந்தேன், ஆனால் அது பொல்ஸ எடுக்கத்தான். கரியைத் தட்டிவிட்டுக் கடித்தேன். உள்ளே கொஞ்சம் மிச்சமிருந்தது. அவரும் ஒன்றை எடுத்துக் கடித்தார். வழக்கம்போல எதிரெதிரே நின்று சாப்பிட்டு முடித்தோம்.

"சரி" என்றேன்.

"என்ன சரி?" என்றார். கதிரையில் அமர்ந்து, புதுப் பொல்ஸப் பொதியைப் பல்லால் கிழித்தார். "வெயில் இன்னும் கிடக்கு. திருப்பி மேலை போ. இந்த முறை நான் இதையும் ஒரு கண்ணாலை பாக்கிறன்."

நான் பலகையைத் திருப்பி, இழுவைப் பக்கம் நடந்தேன். அடுத்த தடவையும் பொல்ஸ எரிந்தது.